எரிந்த ஏடுகளும் எஞ்சிய பெயர்களும்

அயர்லாந்தில் ஒருவருடைய முன்னோர் யாவர் என்று சொல்லும் உரிமை ஒரு காலத்தில் புலவர் குடும்பங்களின் கையில் இருந்தது. கேலிக் மொழி வழங்கிய குறுநில மன்னர்கள் கவி பாடுவதற்கு ஒரு குடும்பத்தையும், குலவரலாறு காப்பதற்கு ஒரு குடும்பத்தையும் நிலம் கொடுத்துப் பேணினர். தந்தைக்குப் பின் மகன் என வழிவழியாக வந்த தொழில் அது. அத்தகைய குடியொன்றில் கடைசியாகத் தோன்றிய பேரறிஞர் டுவால்டக் மக் இர்விஷி. இங்கிலாந்தின் கிராம்வெல் படையெடுத்து வந்து பழைய கேலிக் சமுதாயத்தின் அடித்தளத்தையே அசைத்த 1649, 1650 ஆண்டுகளில், அவர் கால்வே நகரில் தங்கி, அழியும் நிலையிலிருந்த வம்சாவளி ஏடுகளைத் திரட்டிப் பெருநூல் ஒன்றை எழுதினார். 1671-ஆம் ஆண்டில் அவர் கொலையுண்டார். அவரோடு அந்த மரபும் ஏறத்தாழ முடிந்தது எனலாம்.

ஆயின் அப்பெருநூலில் இடம்பெற்றவர்கள் அரசர், தலைவர், புனிதர், அவர்தம் கிளைஞர். பிறர் நிலத்தில் குடிசையிட்டு, உருளைக்கிழங்கு விளைத்து உண்டு வாழ்ந்த எளிய மக்களுக்கு அதில் இடமில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்து போனவர்கள் பெரும்பாலும் அந்த எளியவர்களே. அவர்களுடைய பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் பாஸ்டனிலும் டொரண்டோவிலும் சிட்னியிலும் இருந்துகொண்டு, 'எம் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தனர்?' என்று கேட்கும்போது புலவர் ஏடு விடை சொல்வதில்லை. விடை சொல்பவை பங்குத் தந்தையின் பதிவேடும், வரி விதித்தவரின் கணக்கும், காவலர் வீடுவீடாகக் கொண்டுவந்த குடிக்கணக்குப் படிவமுமே. அவ்வெளியவர்களைப் பற்றி எழுதும் எண்ணமே இல்லாதவர்கள், வேறு காரியத்துக்காக எழுதிவைத்த வரிகளில்தான் அவர்கள் இன்றும் இருக்கின்றனர்.

ஐரிஷ் குடும்பப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு சிறு வம்சாவளி எனத் தகும். 'ஓ' என்ற முன்னொட்டுக்குப் பேரன் என்பது பொருள். 'மக்' என்பதற்கு மகன். தமிழில் 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் திரிபு; பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பது கருத்து. ஐரிஷ் குடும்பங்களிலும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடும் வழக்கம் பரவலாக இருந்தது. இதனால் தேடுவோர்க்கு நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. மூத்த பேரனின் பெயரைக் கொண்டு பாட்டனின் பெயரை ஊகிக்கலாம். ஆனால் பாட்டன் ஒருவனுக்கு ஐந்து மகன்கள் இருந்தால், ஒரே பங்கில், ஒரே பத்தாண்டுக்குள், ஒரே பெயருடைய ஐந்து பேரர்கள் பிறந்திருப்பர். அவர்களுள் கப்பலேறியவன் எவன்?

ஆங்கில ஆட்சியில் எழுத்தர்கள் இப்பெயர்களைக் காதில் விழுந்தவாறு எழுதினர். 'ஓ'வும் 'மக்'கும் உதிர்ந்தன. ஓ சல்லிவன் வெறும் சல்லிவன் ஆனான். சில இடங்களில் பெயர் மொழிபெயர்க்கவும் பட்டது. 'கொல்லன் மகன்' என்று பொருள்படும் மக் கவன் என்னும் பெயருடையோர் பலர் ஆங்கிலக் கொல்லனாகிய 'ஸ்மித்' ஆயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொழிப்பற்று ஓங்கியபோது பலர் உதிர்ந்த 'ஓ'வை மீண்டும் ஒட்டிக்கொண்டனர். ஆகவே ஒரே குடும்பம் தந்தையின் திருமணப் பதிவில் ஒரு பெயரிலும், மகனின் இறப்புப் பதிவில் மற்றொரு பெயரிலும் காணப்படுவது இயல்பே. எழுத்துக்கூட்டில் பிடிவாதம் பிடிப்பவர் இத்தேடலில் வெற்றி பெறுவதில்லை.

1841-இல் அயர்லாந்தின் மக்கள்தொகை 81 இலட்சத்து 75 ஆயிரம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது தொடர, பெரும்பஞ்சம் நாட்டைச் சூழ்ந்தது. 1851-இல் எண்ணியபோது இருந்தவர்கள் 65 இலட்சத்து 52 ஆயிரம் பேரே. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். 1845 முதல் 1855 வரை நாட்டைவிட்டுப் போனவர்கள் 20 இலட்சத்தை ஒட்டியவர்கள். போனவர்களைப் பற்றிப் போன இடத்தில் எழுதப்பட்டது என்ன? அமெரிக்கத் துறைமுகங்களில் 1820 முதல் பயணிகளின் பட்டியல்கள் வாங்கப்பட்டன. 1850 முதல் அந்நாட்டுக் குடிக்கணக்கில் ஒவ்வொருவர் பெயரும் பிறந்த இடமும் எழுதப்பட்டன. ஆனால் பிறந்த இடம் என்ற கட்டத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரே சொல்தான்: அயர்லாந்து. கணக்கெடுப்பவருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. தேடுபவருக்கோ அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓர் அடிகூட எடுத்துவைக்க இயலாது.

ஏனெனில் அயர்லாந்தின் ஆவணங்கள் மனிதரைவிட மண்ணையே முதன்மையாகக் கொண்டு அடுக்கப்பட்டவை. நாட்டில் 32 மாவட்டங்கள். அவற்றுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பங்குகள். பங்குக்குள் 'டவுன்லாண்டு' எனப்படும் மிகச் சிறிய நிலப்பிரிவுகள். இவை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை. சில, பத்துப் பதினைந்து குடிசைகளே கொண்டவை. பெயருக்கு 'டவுன்' என்றிருப்பினும் நகரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் வழக்கில் 'குடிக்காடு', 'பட்டி' என்று சொல்லத்தக்க அளவினதே. ஐரிஷ்காரர் ஒருவர் தம்மை இன்னார் என்று சொல்லிக்கொண்டது இந்தப் பெயரால்தான். அப்பெயர்கள் மண்ணைப் பார்த்துப் பேசுபவை. 'பாலி' என்று தொடங்கினால் அது குடியிருப்பு. 'கில்' என்பது பெரும்பாலும் பழந்துறவியின் சிறு கோயில். 'நாக்' என்பது குன்று. 'டெரி' என்பது கருவாலித் தோப்பு. 1824 முதல் 1840-களின் இடைப்பகுதி வரை, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதும் அளந்து வரைபடமாக்கப்பட்டபோது, ஜான் ஓ டோனவன் என்ற மொழியறிஞர் ஊர் ஊராக நடந்து, முதியோர் வாயால் பெயர்களைக் கேட்டு எழுதினார். அப்பெயர்கள் ஆங்கில ஒலிக்கு ஏற்ப மாற்றப்பட்டே அச்சேறின. பிரையன் ஃப்ரீலின் 'மொழிபெயர்ப்புகள்' என்னும் நாடகம் (1980) இந்த நிகழ்ச்சியையே பொருளாகக் கொண்டது. ஷேமஸ் ஹீனி தம் சொந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களையே தலைப்பாக்கிக் கவிதைகள் செய்தார். ஊர்ப் பெயர் தொலைந்தால் எது தொலையும் என்பதை அந்நாட்டுக் கவிஞர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

சரி, ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது எனக் கொள்வோம். அடுத்து நாடவேண்டியது குடிக்கணக்கு. அயர்லாந்தில் 1821 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிகள் பெயர் பெயராக எண்ணப்பட்டனர். இங்கிலாந்திலேயே அவ்வளவு விரிவாக அப்போது எழுதப்படவில்லை. ஆனால் அந்தச் செல்வம் இன்று இல்லை. டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் 'நான்கு நீதிமன்றங்கள்' என்னும் மாளிகைக் கட்டடத்தை ஒட்டி, 1867-இல் பொது ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. 1922 ஏப்ரலில் உடன்படிக்கையை ஏற்க மறுத்த படையினர் அவ்வளாகத்தைக் கைப்பற்றி உள்ளே அரண் அமைத்துக்கொண்டனர். ஜூன் 28 அன்று புதிய அரசின் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. ஜூன் 30 அன்று பெருவெடிப்பு நிகழ்ந்தது. ஆவணக் கருவூலம் தீக்கிரையாயிற்று. எழுநூறு ஆண்டுகளின் ஏடுகள் கருகித் துண்டு துண்டாக டப்ளின் வானில் பறந்து, வீதிகளிலும் வீட்டுக் கூரைகளிலும் விழுந்தன. யார் மீது குற்றம் என்பது இன்றும் அந்நாட்டில் வழக்காடப்படும் செய்தி. இரு தரப்பாரும் ஐரிஷ்காரரே என்பதே வேதனை.

1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு கணக்குகளும் சிற்சில பகுதிகள் நீங்கலாக அத்தீயில் அழிந்தன. பஞ்சத்துக்கு முந்திய கடைசிக் கணக்காகிய 1841-ஐ எடுத்துக்கொண்டால், முழுமையாகக் கிடைப்பது கேவன் மாவட்டத்துக் கில்லஷாண்ட்ரா என்ற ஒரு பங்கு மட்டுமே. எண்பது இலட்சம் பேரை எண்ணிய கணக்கில் எஞ்சியது ஒரு பங்கு! எல்லாப் பழியையும் தீயின் மேல் போட்டுவிடலாகாது. 1861, 1871 கணக்குகளின் படிவங்களை எண்ணி முடித்தபின் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. பகை செய்த அழிவைவிட அலுவலகம் செய்த அழிவு குறைந்ததன்று. அமெரிக்காவிலும் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் பெரும்பகுதி தீயாலும் நீராலும் பாழாயிற்று. கடலின் இரு கரையிலும் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் நேர்ந்த இவ்விரு தீயும் ஒரே மக்களின் சுவடுகளை அழித்தன.

டப்ளின் காப்பகத்தின் துணைக் காப்பாளர் ஹெர்பர்ட் வுட் என்பவர், அங்கு என்னென்ன இருக்கின்றன என்று விளக்கி 1919-இல் ஒரு கையேடு வெளியிட்டிருந்தார். மூன்றே ஆண்டுகளில் அது இல்லாதவற்றின் பட்டியலாகிவிட்டது.

இவ்வளவுக்குப் பின்னும் ஏதோ எஞ்சியிருக்கிறது என்றால், அதற்கு முதற்காரணம் முதியோர் உதவித்தொகை என்றால் வியப்பாக இருக்கும். 1908-இல் பிரித்தானிய அரசு ஒரு சட்டம் இயற்றியது. எழுபது வயது நிறைந்த ஏழை முதியவர்களுக்கு, 1909 ஜனவரி முதல் வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைக்கும். ஆனால் அயர்லாந்தில் எல்லாப் பிறப்பும் அரசால் பதியப்பட்டது 1864-இலிருந்துதான். எழுபது வயதினர் எவரிடமும் சான்று கிடையாது. சிலர் 1839 ஜனவரி 6 இரவு வீசிய 'பெருங்காற்று' நினைவிருக்கிறது என்றனர். அன்றைக்குத் தாமே உருளைக்கிழங்கைக் கையில் பிடித்து உண்ணும் வயது தமக்கு இருந்ததாகப் பலரும் ஒன்றுபோலக் கூறினர் என்பது அந்நாட்டில் வழங்கும் வேடிக்கைக் கதை. மற்றவர்கள் 1841 அல்லது 1851 குடிக்கணக்கைப் பார்த்துச் சொல்லுமாறு டப்ளினுக்கு விண்ணப்பம் எழுதினர். விண்ணப்பத்தில் தாய் தந்தையர் பெயர், டவுன்லாண்டு, பங்கு, மாவட்டம் எல்லாம் குறிக்க வேண்டும். எழுத்தர் பழைய கணக்கைப் புரட்டி, அக்குழந்தை அன்று எத்தனை வயதினதாகக் காணப்பட்டது என்று அதே தாளில் எழுதினார். காணப்படாவிட்டால் அதையும் எழுதினார். கணக்கேடு எரிந்துவிட்டது. இந்தத் தாள்கள் பிழைத்தன. ஆயிரக்கணக்கான குடிசைகள் அந்த 1841-இன் இருளிலிருந்து இப்படித்தான் மீண்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஐந்து ஷில்லிங்குக்காக அலைந்த ஒரு கிழவியின் விண்ணப்பம், அரசின் பெருங்கருவூலம் காக்கத் தவறியதைக் காத்துத் தந்திருக்கிறது.

முழுமையாகக் கிடைக்கும் பழைய குடிக்கணக்குகள் 1901, 1911 ஆகிய இரண்டே. அவற்றில் மற்றொரு வேடிக்கை காணலாம். 1901-இல் ஐம்பத்தைந்து வயதினர் பலர் 1911-இல் எழுபதை எட்டிவிட்டனர்! இடையில் வந்த சட்டத்தை நினைவில் கொண்டால் காரணம் விளங்கும். ஆனால் 1911 படிவத்தில் சிரிப்புக்கு இடம் தராத ஒரு கட்டமும் உண்டு. மணமான பெண்ணிடம், திருமணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று இருப்பவர் எத்தனை என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. பன்னிரண்டு என்றும் ஏழு என்றும் இரு எண்கள் அடுத்தடுத்து நிற்பதைக் காண்பவர் ஒருகணம் நின்றுதான் மேலே செல்ல இயலும். ஐரிஷ் பேச வருமா என்ற கேள்வியும் உண்டு. மேற்கு மாவட்டத்து வீடுகள் பலவற்றில் பாட்டிக்கு 'ஐரிஷ்' மட்டும், மகனுக்கு 'ஐரிஷும் ஆங்கிலமும்', பேரனுக்கு நேரே வெற்றிடம். ஒரு மொழி ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறைக்குள் தேய்ந்துபோவதை ஒரே தாளில் காட்டும் ஆவணம் இது. படிவத்தின் அடியில் குடும்பத் தலைவரின் கையொப்பம் இருக்கும். எழுதத் தெரியாதவர் பெருக்கற்குறி இட்டிருப்பார்.

குடிக்கணக்கு இல்லாத குறையை ஓரளவு நிரப்புபவை இரண்டு வரிக் கணக்குகள். 1823-க்குப் பின் சுமார் பதினைந்து ஆண்டுகளில் எழுதப்பட்ட தசமபாக ஏடுகள் முதலாவது. நாட்டு மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆனால் அரசு ஆதரவு பெற்ற புராட்டஸ்டண்ட் திருச்சபைக்கு அவர்கள் தம் விளைச்சலிலிருந்து வரி செலுத்த வேண்டியிருந்தது. அந்த வெறுக்கப்பட்ட வரியே இன்று அவர்களின் பெயரைச் சொல்கிறது. இரண்டாவது, ரிச்சர்டு கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை வெளிவந்த நிலமதிப்பு ஏடு. ஒவ்வொரு டவுன்லாண்டிலும் நிலத்தையோ வீட்டையோ வைத்திருந்தவர், அதை வாடகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் காலத்தைக் கவனிக்க வேண்டும். பஞ்சத்தில் இறந்தவர் இறந்து, போனவர் போனபின், எஞ்சியவர் பட்டியல் அது. இவ்விரு ஏடுகளிலும் குடும்பத் தலைவர் மட்டுமே உண்டு. மனைவி இல்லை, மக்கள் இல்லை, பிறர் நிலத்தில் ஓராண்டு உருளைக்கிழங்கு போட்டுக்கொண்ட கூலியாள் இல்லை. கைம்பெண்ணாக நிலத்தை வைத்திருந்தாலன்றிப் பெண்ணுக்கு அங்கே பெயர் கிடையாது.

பெண்ணுக்குப் பெயர் கொடுத்த ஏடு கத்தோலிக்கப் பங்குப் பதிவேடு. திருமுழுக்குப் பதிவில் குழந்தையின் பெயர், தந்தை பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், ஞானப் பெற்றோர் இருவர் பெயர், நல்ல பங்குத் தந்தையாக இருந்தால் டவுன்லாண்டின் பெயர் என எல்லாம் ஒரே வரியில் அடங்கும். பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் என்பவர் யாக்கோபுஸ் ஆகவும், பிரிட்ஜெட் என்பவள் பிரிகிதா ஆகவும் நிற்பர். தென்மாநிலத்தில் டெர்மட் என்ற ஐரிஷ் பெயர் ஜெரெமையா ஆகவும், கொனர் என்பது கொர்னேலியுஸ் ஆகவும் மாறும் விந்தையும் உண்டு. ஞானப் பெற்றோரைப் பலர் கவனியாது விட்டுவிடுவர். அது பெரும்பிழை. அவர்கள் பெரும்பாலும் சித்தப்பன், அத்தை, மாமன், பெரியம்மாள் ஆகியோரே. வேறெங்கும் அறிய முடியாத உடன்பிறப்புகள் இவ்வழியே வெளிப்படுவர்.

இந்தப் பதிவேடுகள் பிழைத்த வரலாறு தனியே சொல்லத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தண்டனைச் சட்டங்களின் கீழ்க் கத்தோலிக்கக் குருமார் ஒடுங்கி வாழ்ந்தனர். ஆதலால் 1800-க்கு முற்பட்ட ஏடுகள் மிகச் சிலவே. ஏழ்மை மிகுந்த மேற்குப் பகுதிகளில் 1830-க்குப் பின் தொடங்குபவையும் பல. அரசுச் சபையாக இருந்த புராட்டஸ்டண்ட் சபையின் பதிவேடுகளோ பழமையானவை, ஒழுங்கானவை. 1869-இல் இயற்றிய சட்டத்தால் அச்சபை அரசுத் தகுதி இழந்தபோது, அதன் பழைய பதிவேடுகள் பொது ஆவணங்கள் என அறிவிக்கப்பட்டு, பாதுகாப்புக்கென்று டப்ளின் காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1922-இல் ஏறத்தாழ ஆயிரம் பங்குகளின் ஏடுகள் அங்கே எரிந்தன. கத்தோலிக்க ஏடுகளை எந்த அரசும் பொருட்படுத்தவில்லை. அவை குருமனை அலமாரிகளில், ஈரத்திலும் எலிக்கடியிலும் கிடந்து பிழைத்தன. மதிக்கப்பட்டவை மாண்டன, மதியாது விடப்பட்டவை வாழ்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் இடையில் அயர்லாந்து தேசிய நூலகம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளின் ஏடுகளை நுண்படமெடுத்தது. 2015 ஜூலையில் அப்படங்கள் கணினி வழியே கட்டணமின்றி எல்லோர்க்கும் திறக்கப்பட்டன.

புலம்பெயர்ந்தோர் சென்ற நாட்டில் ஊர்ப் பெயர் எழுதப்பட்ட இடங்களும் சில உண்டு. அவை அரசின் ஏடுகள் அல்ல. பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' என்ற கத்தோலிக்க இதழ் 1831 முதல் 1921 வரை 'காணாமற்போன நண்பர்கள்' என்ற தலைப்பில் விளம்பரங்கள் வெளியிட்டது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அவ்விளம்பரங்கள் பின்னர்த் தொகுத்து எட்டுத் தொகுதிகளாக வெளியிடப்பட்டுள்ளன. இருப்புப்பாதை வேலைக்கென்று மேற்கே போன கணவனைத் தேடும் மனைவி, துறைமுகத்தில் பிரிந்த தம்பியைத் தேடும் அக்காள் ஆகியோரின் குரல்கள் அவை. இன்ன மாவட்டம், இன்ன பங்கு, இன்ன டவுன்லாண்டு, இன்ன ஆண்டில் இன்ன துறையில் இறங்கினான், கடைசியாக இன்ன ஊரிலிருந்து கடிதம் வந்தது என்பதே அமைப்பு. இரங்கற்பாவுக்குரிய பொருளை விளம்பரக் கட்டணத்தின் அளவுக்குள் சுருக்கிய உரைநடை அது. ஒரு சொல்லும் வீணாயிருக்காது.

மற்றொன்று நியூயார்க்கில் 1850-இல் தோன்றிய குடியேறிகளின் சேமிப்பு வங்கி. கையொப்பமிடத் தெரியாதவர் பணம் எடுக்க வரும்போது அவர்தாம் இவர் என்று எப்படி உறுதி செய்வது? வங்கி எழுத்தர் கணக்குத் திறக்கும்போதே பிறந்த ஊர், பெற்றோர் பெயர், உடன்பிறந்தார், வந்த கப்பல், வந்த நாள் எல்லாம் கேட்டுத் தேர்வேடு ஒன்றில் குறித்துவைத்தார். பின்னர் அவற்றையே கேள்வியாகக் கேட்டுச் சரிபார்ப்பார். கெர்ரி மாவட்டத்துக் கென்மேர்ப் பகுதியில் லான்ஸ்டவுன் பிரபுவின் பண்ணையில் குடியிருந்த ஆயிரக்கணக்கான வறியோரை, 1851 முதல் அப்பண்ணையின் முகவர் டிரெஞ்சு கப்பற்கூலி கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். அவர்களுள் பலர் நியூயார்க்கின் மிக இழிந்த சேரி எனப் பெயரெடுத்த ஃபைவ் பாயிண்ட்சில் குடியேறினர். டைலர் அன்பைண்டர் என்ற வரலாற்றாசிரியர் இவ்வங்கி ஏடுகளைக் கொண்டு அவர்களைத் தொடர்ந்து சென்று பார்த்தார். கந்தை உடுத்தி வந்திறங்கிய அவர்கள், எவரும் எதிர்பாராத அளவுக்குச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்திருந்தனர். சேரியை வந்து பார்த்து எழுதிய சீமான்களின் வருணனையை வங்கிக் கணக்கு மறுத்துவிட்டது.

இந்தத் தேடலின் ஒரு கிளை சென்னைக்கும் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படையில் சேர்ந்தவருள் பெரும் பகுதியினர் ஐரிஷ் ஏழைகள். சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவின் வழிவந்த பட்டாளமே 1881-இல் 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' படையின் முதற்பிரிவாகப் பெயர் பெற்றது. சென்னை மாகாணத்தில் நடந்த ஐரோப்பியரின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் 1698 முதல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. டப்ளினில் எரிந்தது போக, சென்னையிலிருந்து சென்றது இலண்டனில் இருக்கிறது. தமிழறிந்தோர் நன்கறிந்த கால்டுவெல்லும் 1814-இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தில், ஸ்காட்லாந்திலிருந்து வந்து தங்கிய பெற்றோருக்குப் பிறந்தவரே.

பஞ்சத்தின் நடு ஆண்டாகிய 1847-க்கு வருவோம். ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையின் நிலக்கிழார் டெனிஸ் மாகன், வாடகை தர இயலாத குடிகள் 1,490 பேரைக் கனடாவுக்கு அனுப்பினார். அவர்கள் கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை நடந்தே சென்று, லிவர்ப்பூலில் கப்பலேறினர். 'வர்ஜீனியஸ்' என்ற கப்பலில் ஏறிய 476 பேரில் 158 பேர் வழியிலேயே இறந்தனர். குவிபெக்குக்கு அருகே, கப்பல்களை நிறுத்தி நோய் ஆயும் குரோஸ் ஈல் தீவில், அந்த ஓராண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். மாகன் அவ்வாண்டு நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பண்ணை 1979-இல் கைமாறியபோது, வாங்கியவர் பழைய அலுவலகத்தில் குடிகளின் விண்ணப்பங்களையும் கணக்குகளையும் கண்டார். அவற்றைக் கொண்டு 1994-இல் அங்கே பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. துரத்தியவரின் கணக்கேட்டில்தான் துரத்தப்பட்டவரின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. தீவில் தாய் தந்தையரை இழந்த குழந்தைகளைக் குவிபெக்கின் பிரெஞ்சுக் குடும்பங்கள் ஏற்று வளர்த்தன. பலர் தம் ஐரிஷ் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டனர். பிரெஞ்சு மட்டுமே பேசும் இன்றைய வழித்தோன்றல்கள் அந்தப் பெயர் ஒன்றை மட்டும் கையில் கொண்டு ராஸ்காமனைத் தேடுகின்றனர்.

ஆவணம் இருந்தும் நினைவு வழிதவறிய கதையும் ஒன்று உண்டு. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டபோது, அதன் வழியே முதலில் நுழைந்தவள் கார்க் நகரத்துச் சிறுமி அன்னி மூர். தம்பியர் இருவருடன் 'நெவாடா' கப்பலில் வந்த அவளுக்குப் பத்து டாலர் பொற்காசு பரிசளிக்கப்பட்டது. அதன்பின் அவள் என்ன ஆனாள்? மேற்கே டெக்சாசுக்குச் சென்று, மணமுடித்து, 1923-இல் தெருவண்டி மோதி இறந்தாள் என்று ஒரு குடும்பம் நெடுங்காலம் நம்பியது, நாடும் நம்பியது. குடியேறியவர் மேற்கு நோக்கிச் சென்று உயர்வது அமெரிக்கர் விரும்பும் காவியம். அதற்கு இக்கதை நன்கு பொருந்தியது. பொருந்தும் கதையை எவரும் சோதிப்பதில்லை. மேகன் ஸ்மொலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் சோதித்தார். குடிக்கணக்கைப் பார்த்தபோது, டெக்சாஸ் அன்னி பிறந்த இடம் இல்லினாய் என்று இருந்தது. அவள் கடலே கடந்தவள் அல்லள். உண்மை அன்னியைக் கண்டு சொல்வோர்க்கு ஆயிரம் டாலர் பரிசு என்று 2006-இல் அவர் அறிவித்தார். சில வாரங்களிலேயே நியூயார்க் நகர ஆவணங்களின் துணையால் விடை கிடைத்தது. அன்னி மூர் வந்திறங்கிய துறையிலிருந்து வெகுதொலைவு சென்றதே இல்லை. மன்ஹாட்டனின் ஏழைக் குடியிருப்புகளிலேயே வாழ்ந்தார். ரொட்டிக்கடைப் பணியாளர் ஒருவரை மணந்து பதினொரு பிள்ளைகள் பெற்றார். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வளராமலே இறந்தனர். 1924-இல் அவரும் இறந்தார்.

கார்க் மாவட்டத்துக் கோவ் துறைமுகத்தில் 1993-இல் அன்னிக்குச் சிலை வைத்தனர். எல்லிஸ் தீவிலும் ஒரு சிலை உண்டு. ஆனால் 2008 வரை குயின்சு பகுதியிலுள்ள கல்வரிக் கல்லறைத் தோட்டத்தில், குழந்தைப் பருவத்தில் இறந்த தம் பிள்ளைகள் சிலரோடு அவர் கிடந்த குழிக்கு அடையாளக் கல் இல்லை. 2008-இல் அயர்லாந்துக் கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று அங்கே நடப்பட்டது.